வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார்கள்: 2 வயது 8 மாதம், மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை

பொருநைக்கரை
பிப்ரவரி 3, இரவு 11.20

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது.

என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் மாமனார், மாமியாரோடு வசிக்கிறோம். அவன் என்னைப் பார்த்து "அம்மா" என்று இதுவரை அழைத்ததில்லை. அழும்போது "ம்மா" என்று வரும். அது என்னையா, பசியையா என்று எனக்குத் தெரியாது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் மேல் வைப்பான். விரல் நீட்டிக் காட்ட மாட்டான். ஆனால் கைப்பேசியில் பார்த்த ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இசட் வரை வரிசையாகச் சொல்கிறான். இருபது வரை ஆங்கிலத்தில் எண்ணுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் பத்து முறையில் இரண்டு முறை திரும்புவான். குக்கர் விசில் அடித்தால் மட்டும் எந்த அறையில் இருந்தாலும் காதைப் பொத்திக்கொள்வான். அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

சென்ற வாரம் நகரத்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போனோம். இருபது நிமிடம் பார்த்தார்கள். "குழந்தைக்கு ஆங்கிலம்தான் பிடிக்கிறது, நீங்கள் தமிழ் பேசுவதால் குழம்புகிறான், இன்று முதல் வீட்டில் எல்லோரும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். வாரம் ஐந்து நாள், ஓர் அமர்வுக்கு 700 ரூபாய். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 90 நாளில் பேசிவிடுவானாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். மாமியாருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. நான்கு நாட்களாக எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. "கம்", "சிட்", "ஈட்". இந்த மூன்று சொற்களுக்கு மேல் என் பிள்ளையோடு பேச என்னிடம் ஒன்றும் இல்லை. தூங்க வைக்கப் பாடும் தாலாட்டைக்கூட நிறுத்திவிட்டேன். நான் செய்வது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்த் தந்தை
பிப்ரவரி 4, காலை 6.05

தங்கையே, மொழி எது என்பதெல்லாம் பிறகு. முதலில் காதைப் பரிசோதியுங்கள். இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

என் மகளும் பட்டாசு வெடித்தால் அதிர்ந்து அழுவாள், கதவைச் சாத்தினால் திரும்புவாள். அதை வைத்தே நாங்களும் ஏமாந்தோம். ஒன்றரை வயதில் காட்டியபோது ஒரு மருத்துவர் அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். அவள் திரும்பினாள். "கேட்கிறது, கவலை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அவருடைய நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள் என்பது எனக்கு மிகவும் பின்னால்தான் உறைத்தது. இரண்டு வயது ஐந்து மாதத்தில் பெரா பரிசோதனை (ஒலி காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று அளப்பது) செய்தபோது இரண்டு காதிலும் கடுமையான இழப்பு என்று தெரிந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் உலகம் முழுவதும் பின்பற்றச் சொல்லும் கணக்கு. என் மகளுக்கு அந்தக் கணக்கில் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் கேட்கும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அப்படித்தான் அவளுக்கும் நடந்தது. கருவியை இயக்கிய அன்றே பேசிவிடுவாள் என்று ஊர் முழுவதும் எதிர்பார்த்தது. அன்று அவள் பயந்து அலறினாள். அதன் பிறகு ஓராண்டு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய்க் கேட்டல் பயிற்சி. ஒலி இருக்கிறதா இல்லையா, இது மாட்டின் குரலா மணியின் குரலா என்று தொடங்கித்தான் சொல்லுக்கு வந்தோம். இப்போது ஆறு வயது. நேற்று என் மனைவியிடம் சண்டை போட்டாள். நான் வாசலில் நின்று அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஓய்வாசிரியர்
பிப்ரவரி 4, காலை 9.30

மகளே, பயப்படாதே. என் மூத்த மகன் மூன்றரை வயது வரை வாய் திறக்கவில்லை. இன்று அவன் பொறியாளன். ஆண் பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும். ஶ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் சந்நிதியில்தான் பாடத் தொடங்கினார் என்பது மரபு வரலாறு. உன் ஊருக்கு அருகில்தான் கோயில். ஒருமுறை போய் வா. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவு, தடித்த நாக்கு இளகும். அந்தக் காலத்தில் எந்த மையம் இருந்தது? கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகள் தானாகப் பேசவில்லையா?

வைகைமொழி
பிப்ரவரி 4, பிற்பகல் 3.15

வணக்கம் சகோதரி. நான் மதுரையில் பேச்சு மொழிப் பயிற்றுநர். இந்தத் தொழிலில் பதினான்கு ஆண்டுகள். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை. ஆகவே அவனுக்கு இன்ன நிலை என்று இங்கே சொல்ல மாட்டேன். நேரில் பார்க்காமல் அப்படிச் சொல்பவர் எவரையும் நம்பாதீர்கள். ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு.

தமிழில் பேசுங்கள். இன்று இரவே தாலாட்டைத் திரும்பத் தொடங்குங்கள்.

இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. மொழித் தாமதம் உள்ள குழந்தைகளானாலும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளானாலும், வீட்டு மொழியைப் பறித்தால் மற்ற மொழி விரைவாக வரும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனாலும் இந்த அறிவுரை நம் ஊர்களில் நாள்தோறும் சொல்லப்படுகிறது. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. குழந்தை மொழியைக் கற்பது, சொல்ல நிறைய வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து. தமிழில் நீங்கள் ஒரு வாழைப்பழத்தைப் பற்றி மட்டும் எத்தனை சொல்வீர்கள்? உரிக்கட்டுமா, உரித்துவிட்டேன், ஐயோ கீழே விழுந்துவிட்டது, எறும்பு வந்துவிட்டது, பாட்டிக்கும் கொடு. அதையெல்லாம் விட்டுவிட்டு "ஈட்" என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அவன் எதைக் கொண்டு மொழியைக் கட்டுவான்?

அவன் ஏ முதல் இசட் வரை சொல்வதை ஆங்கிலம் பிடித்திருக்கிறது என்று அந்த மையம் எடுத்துக்கொண்டது தவறு. அது நினைவாற்றல், நல்ல நினைவாற்றல். ஆனால் அதில் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இருபது வரை எண்ணும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லையென்றால், நாம் கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

கரூர் அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. குக்கர் விசில் மிக உரத்த ஒலி. நடுத்தர அளவு கேட்டல் குறை உள்ள குழந்தைக்கும் அது கேட்கும். ஆனால் சாதாரணப் பேச்சில் பல ஒலிகள், முக்கியமாக ச, த போன்ற மெல்லிய ஒலிகள், நழுவிப் போகலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினால்கூட சில வாரங்களுக்குக் குழந்தை பாதிதான் கேட்கும். எனவே முதலில் ஓ.ஏ.இ. (காதுக்குள் மெல்லிய ஒலியைச் செலுத்தி உள்காதின் எதிரொலியை அளக்கும் சோதனை), தேவைப்பட்டால் பெரா. காதைப் பரிசோதிக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. அந்த மையம் காது பரிசோதனை அறிக்கையைக் கேட்டதா? கேட்கவில்லையென்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஓய்வாசிரியர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. தாமதமாகப் பேசத் தொடங்கிப் பிறகு மற்றவர்களோடு சமமாகிவிடும் குழந்தைகள் நிறைய உண்டு. உங்கள் மகன் அவர்களில் ஒருவர். ஆனால் இரண்டு வயதில் இரு குழந்தைகளை அருகருகே நிறுத்தி, எது தானாகப் பேசும், எது பேசாது என்று எங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. சில அடையாளங்கள் மட்டும் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் மழலையும் கையசைவும் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் சொந்தமாக இரு சொற்களைச் சேர்க்கவில்லை, எந்த வயதானாலும் வந்த பேச்சு திரும்பப் போய்விட்டது என்றால் காத்திருக்கக் கூடாது. பேச்சு இல்லாவிட்டாலும் விரல் நீட்டி "அதோ பார்" என்று காட்டும் குழந்தையிடம் எனக்கு அச்சம் குறைவு. பேச்சும் இல்லை, விரலும் நீளவில்லை என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட மாட்டேன். பிறகு, வசம்பு வேண்டாம் ஐயா. நாக்கு தடித்திருப்பதால் பேச்சு வராமல் போவதில்லை. வசம்பில் உள்ள சில பொருள்கள் சிறு குழந்தைக்கு நஞ்சாகலாம்.

கோயிலுக்கு நிச்சயம் போகட்டும். போகும் வழியில் கடலைக் காட்டிப் பேசிக்கொண்டே போகட்டும்.

வன்னிமண்
பிப்ரவரி 4, இரவு 10.50

லண்டனில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ்தான். மகள் இரண்டேகால் வயதில் ஐந்தாறு சொல்தான் கதைத்தாள். இங்கே இரண்டு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில் எல்லாப் பிள்ளைகளையும் சுகாதாரப் பணியாளர் பார்ப்பது வழக்கம். அவர்தான் பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்த வெள்ளைக்காரப் பயிற்றுநர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் எந்த மொழியில் சிரிக்கிறீர்கள்?" என்பது. தமிழ் என்றேன். "அப்படியென்றால் அதை விடாதீர்கள். ஆங்கிலம் இந்த நாடு முழுவதும் இருக்கிறது, தமிழ் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது" என்றார். ஆங்கிலேயருடைய நாட்டில் எங்களைத் தமிழில் கதைக்கச் சொல்கிறார்கள். திருநெல்வேலியில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள். இதை வாசித்து இரவு எனக்கு நித்திரை வரவில்லை, தங்கச்சி.

ஆனால் எங்களுக்கும் குறை இருந்தது. முதல் சந்திப்புக்கே ஏழு மாதம் காத்திருந்தோம்.

நிழற்குடை
பிப்ரவரி 5, காலை 11.10

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வாயால் பேச மாட்டான். அதனால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த இழையில் எல்லோரும் "பேசிவிட்டான்" என்ற ஒரே முடிவை நோக்கி ஓடுவதுபோல் இருக்கிறது.

நான்கு வயது முதல் ஏழு வயது வரை ஒரு மையத்தில் அவனை மேசைக்கு முன் உட்கார வைத்து "ஆப்பிள் சொல், ஆப்பிள் சொல்" என்றார்கள். சொன்னால்தான் ஆப்பிள். சொல்ல முடியாத குழந்தை மூன்று ஆண்டுகள் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கடிக்கத் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். நான் ஒரு படப்பலகையை எடுத்துக்கொண்டு போனபோது "இதைக் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவான், பேச்சே வராது" என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இப்போது ஆவாஸ் செயலியைத் தமிழில் பயன்படுத்துகிறான். சென்னையில் உருவானது அது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு சேர்ந்து வளர்ந்த கருவி. படத்தைத் தொட்டால் குரல் வரும். இரண்டாம் மாதம் அவனாகவே தொட்டுச் சொன்ன முதல் செய்தி, "சட்டை குத்துது". எழுத்து மாறாமல் தருகிறேன், அந்தச் சொல் எனக்கு அப்படித்தான் வேண்டும். கழுத்துப்பட்டியில் இருந்த லேபிளைக் கத்தரித்தேன். ஐந்து ஆண்டுகளாகக் காலையில் சட்டை போடும்போது நாங்கள் அடம் என்று நினைத்து அதட்டியது இதற்காகத்தான்.

வைகைமொழி
பிப்ரவரி 5, பிற்பகல் 1.40

நிழற்குடை அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். கருவி கொடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்பது என் தொழிலில் இருப்பவர்களே பரப்பிய பொய். 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பத்தகுந்த சான்றுள்ள 27 பேரை எடுத்துப் பார்த்தது. கருவியோ படமோ சைகையோ கொடுத்ததால் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. மிகப் பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது. சொல்லாமல் தர மாட்டேன் என்று பொருளைப் பிடுங்கி வைப்பது பயிற்சி ஆகாது.

தென்றல்வீதி
பிப்ரவரி 5, மாலை 7.00

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு நான்கு வயது. இரண்டு மாதமாக "நா நா நா நான்" என்று திக்குகிறாள். மாமியார் ஒவ்வொரு முறையும் "மூச்சை இழுத்து மெதுவாகச் சொல்" என்கிறார். பயிற்சி தேவையா?

வைகைமொழி
பிப்ரவரி 5, இரவு 8.20

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள்தான் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே நின்றுவிடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் நீடித்திருந்தாலோ, ஆறு மாதம், ஓராண்டு என்று நீண்டாலோ, பேச முயலும்போது முகம் இறுகினாலோ, பேசுவதையே தவிர்த்தாலோ உடனே காட்டுங்கள். "மெதுவாகச் சொல்" என்பதை மட்டும் வீட்டில் நிறுத்துங்கள். அவளுடைய வாயைப் பார்க்காமல் அவள் சொல்லும் கதையைக் கேளுங்கள். விரிவாகப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

பொருநைக்கரை
பிப்ரவரி 6, இரவு 10.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு தாலாட்டுப் பாடினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினான்.

அந்த மையத்துக்குப் போகவில்லை. காது பரிசோதனை அறிக்கையை அவர்கள் கேட்கவே இல்லை. இப்போது எங்கே போவது? 700 ரூபாய் கொடுத்து வாரம் ஐந்து நாள் என்பது எங்களால் முடியாது. என் கணவர் ஓட்டுநர், வெளியூரில் இருக்கிறார். பயிற்றுநர் உண்மையாகப் படித்தவரா என்பதை எப்படி அறிவது? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், அக்கா? பகல் முழுவதும் அவனோடு இருப்பது நானும் மாமனாரும் மாமியாரும்தான். மாமனார் தினமும் நண்பகலில் மாடிக்குப் போய்க் காக்கைக்குச் சோறு வைப்பார், இவனையும் தூக்கிக்கொண்டு போவார். மற்ற நேரமெல்லாம் கைப்பேசிதான், மறைக்காமல் சொல்கிறேன்.

வைகைமொழி
பிப்ரவரி 7, காலை 7.30

எங்கே போவது என்பதை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்தில். டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை கட்டணமின்றிப் பார்க்க வேண்டிய இடம் அது. உங்கள் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவும் அனுப்பி வைக்கலாம். கூட்டம் இருக்கும், ஒரு நாள் போய்விடும், ஆனால் காது, குழந்தைகள் நலம், பேச்சு என மூன்றையும் ஒரே வளாகத்தில் முடிக்கலாம். தென்காசிப் பக்கம் வசதியென்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைக் கேளுங்கள். கிராமங்களுக்கே பணியாளர்களை அனுப்பி, வீட்டில் பெற்றோருக்குப் பயிற்சி தரும் முறையை அவர்கள் பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். இன்னும் விரிவான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கென உள்ள தேசிய நிறுவனம், அல்லது மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். ஆனால் மைசூருக்குப் போவதற்காக உள்ளூர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படித்தவரா என்று கேட்டீர்கள். எங்கள் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள், கடைசி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். 90 நாள் உறுதி கொடுப்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வீடு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனெனில் வாரம் ஒரு மணி நேரம் என்னிடம் இருக்கும் குழந்தை மற்ற நேரமெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது.

நம் பாட்டிமார் விளையாடிய பருப்புக் கடைதல் தெரியும் அல்லவா? குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு. இதைவிடச் சிறந்த கருவி என் அறையில் இல்லை. மூன்று நாள் முழுதாக விளையாடுங்கள். நான்காம் நாள் நண்டு மணிக்கட்டில் நிற்கட்டும். நகராதீர்கள். பேசாதீர்கள். அவன் முகத்தைப் பாருங்கள். அவன் உங்கள் கண்ணைப் பார்த்தாலோ, கையை நீட்டினாலோ, ஒரு சத்தம் எழுப்பினாலோ, அதுதான் அவன் கேட்டது. உடனே நண்டு ஊரட்டும். அவன் பார்க்காவிட்டாலும் பத்து நொடிக்குமேல் காக்க வைக்காதீர்கள், விளையாட்டு விளையாட்டாகவே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மிகவும் கடினம் இந்த மௌனம்தான். நாம் ஒரு நொடியில் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறோம்.

கேள்வி என்றதும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. "தண்ணீர் வேண்டுமா? தண்ணீர் வேண்டுமா?" என்று நாள் முழுவதும் கேட்டால், கேட்டதை அப்படியே திரும்பச் சொல்லும் குழந்தை நாளை தாகம் எடுக்கும்போது "வேண்டுமா" என்றுதான் சொல்லும். அதைத் தவறு என்று நினைக்காதீர்கள், அவன் கேட்ட சொல்லைச் சரியான நேரத்தில் எடுத்திருக்கிறான். நீங்கள் அவன் இடத்தில் நின்று சொல்லுங்கள்: "தண்ணீர் வேண்டும்." சொல்லிவிட்டுக் கொடுங்கள். திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். வீட்டில் நீங்கள் "தண்ணி" என்றால் "தண்ணி"தான். அட்டைப்படத்தில் அச்சான எழுத்துத் தமிழைக் குழந்தையின் வாயில் திணிக்க வேண்டாம். அது பள்ளிக்குப் போகும்போது வரும்.

மாமனார் மாடிக்குப் போவது பொன்னான நேரம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே செயல். குழந்தை அடுத்து என்ன நடக்கும் என்று அறிவான். மூன்றே சொல் போதும். "காக்கா. வா. சோறு." ஒவ்வொரு நாளும் அதே சொற்கள், அதே ராகம். காக்கை வந்ததும் மாமனார் விரல் நீட்டிக் காட்டட்டும், அவன் பார்க்கும் வரை விரலை எடுக்க வேண்டாம். சில நாள் கழித்துச் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்காமல் நிற்கட்டும்.

கைப்பேசி. குற்ற உணர்வு வேண்டாம் சகோதரி, அதனால் மட்டும் இது வந்ததில்லை. ஆனால் அது பேசும் நேரத்தில் நீங்கள் யாரும் பேச முடியாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது. முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள். மூன்று நாள் அழுவான்.

கைமொழி
பிப்ரவரி 7, பிற்பகல் 12.45

நான் பிறவியிலேயே காது கேளாதவன். எனக்கு முப்பத்திரண்டு வயது. கரூர் அண்ணனின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னைப் பத்து வயது வரை உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். கையை அசைத்தால் அடி விழும். பதினொன்றாம் வயதில் விடுதியில் மற்றப் பிள்ளைகளிடம் சைகை மொழியைக் கற்ற பிறகுதான் நான் முதன்முதலாக ஒருவரிடம் என் கனவைச் சொன்னேன். கருவி வைத்தாலும் சைகை மொழியையும் கொடுங்கள். குளிக்கும்போது கருவி இல்லை, இரவில் இல்லை, மின்கலம் தீர்ந்தால் இல்லை. கை எப்போதும் இருக்கிறது.

கரூர்த் தந்தை
பிப்ரவரி 7, இரவு 9.00

தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு வலிக்கிறது, ஆனால் உண்மை. மின்கலம் தீர்ந்த இரவுகளில் என் மகள் இருட்டில் எங்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். எங்களுக்குச் சைகை கற்றுத்தர யார் இருக்கிறார்கள் என்று தனிச்செய்தியில் சொல்வீர்களா?

ஓய்வாசிரியர்
பிப்ரவரி 8, காலை 5.50

இரண்டு நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பின் வரிசை. எதைச் சொன்னாலும் பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் செய்வான். வாயில் வரும் சொல் பாதி. "மந்தம்" என்று நான்தான் பெயர் வைத்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாததற்காகப் பிரம்பால் அடித்திருக்கிறேன், ஒருமுறை அல்ல, பலமுறை. அவனுக்கு ஒரு காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

"அந்தக் காலத்தில் எந்த மையம் இருந்தது, பிள்ளைகள் தானாகப் பேசவில்லையா" என்று நான் நான்கு நாளுக்கு முன் இங்கே எழுதினேன். பேசாத பிள்ளைகள் என் வகுப்பின் பின் வரிசையில் இருந்தார்கள். மகளே, என் அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன். காத்திருக்காதே. வசம்பும் வேண்டாம்.

பொருநைக்கரை
பிப்ரவரி 27, இரவு 9.40

இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வந்தோம். முதல் நாள் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இரண்டு காதிலும் நீர் தேங்கியிருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்து மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டுமாம். பெராவில் உள்காது நரம்பு நன்றாக இருக்கிறது, மெலிதான குறை மட்டும், அது நீரால் என்றார்கள். குழந்தைகள் நலப் பிரிவில் ஆட்டிசம் இருக்கிறதா என்பதை உடனே முடிவு செய்யவில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும், ஆனால் பயிற்சியை அதற்காகக் காக்க வைக்க வேண்டாம் என்றார்கள். வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி கிடைத்திருக்கிறது. அந்தப் பயிற்றுநர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் இவனோடு யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதுதான்.

நண்டு மணிக்கட்டில் நின்றபோது முதல் ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் என் விரலைப் பிடித்து அவனே மேலே நகர்த்தினான். நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

ஒரு கேள்வி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இப்போதே வாங்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். தேவையா?

வைகைமொழி
பிப்ரவரி 28, காலை 6.45

ஆறு நாள் நண்டை நிறுத்தியதற்கு உங்களை வணங்குகிறேன். அவன் உங்கள் முகத்தைப் பார்த்தது சொல்லைவிடப் பெரியது.

அட்டைக்கு அவசரம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்று தனி வகையும் இருக்கிறது. ஆனால் அங்கே நிரந்தரமான குறைபாட்டைத்தான் சொல்கிறார்கள். பேச்சுத் தாமதம் அதில் வராது. பின்னால் ஆட்டிசம் என்று உறுதியானால் அதற்குத் தனி வகை உண்டு, அப்போது தயங்காமல் வாங்குங்கள். அட்டை வாங்கினால் பிள்ளையின் எதிர்காலம் முத்திரை குத்தப்பட்டுவிடும் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள்.

பொருநைக்கரை
ஜூன் 11, பிற்பகல் 2.30

மூன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். காதில் நீர் வற்றிவிட்டது. பதினொரு சொல் வந்திருக்கிறது, சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் என்னை அம்மா என்று அழைக்கவில்லை. ஆட்டிசம் மதிப்பீடு அடுத்த மாதம். முன்பு போல் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கை நடுங்குவதில்லை, நிழற்குடை அக்காவோடு பேசியதுதான் காரணம்.

இன்று நண்பகல் நடந்ததை உடனே இங்கே எழுத வேண்டும் என்று ஓடி வந்தேன். மாமனார் சோறு வைத்துவிட்டு, நீங்கள் சொன்னபடி கிண்ணத்தோடு பேசாமல் நின்றார். கைப்பிடிச் சுவரில் காக்கை வந்து உட்கார்ந்தது. இவன் விரலை நீட்டினான். அந்த ஒரு விரல், நீட்டியே விட்டான். நீட்டி, "தாத்தா" என்றான். மாமனார் தன்னைத்தான் அழைக்கிறான் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஆனால் விரல் காக்கையை நோக்கித்தான் இருந்தது. மீண்டும் காக்கையைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்றான். தவறாகக் கற்றுக்கொண்டுவிட்டானா? திருத்த வேண்டுமா?

வைகைமொழி
ஜூன் 11, பிற்பகல் 2.55

தவறே இல்லை. அவன் "காக்கா" என்றுதான் சொன்னான். க என்பது நாக்கின் பின்பகுதியால் எழும் ஒலி, த முன்பகுதியால் எழுவது. சிறு குழந்தைகள் பலர் பின்னால் எழ வேண்டியதை முன்னால் எடுத்துவிடுவார்கள். மூன்றரை, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் தானே சரியாகும். ஆகவே தமிழ்க் குழந்தையின் வாயில் காக்கா, தாத்தா ஆகிவிடும். திருத்தாதீர்கள், "தப்பு" என்று சொல்லாதீர்கள். "ஆமாம், காக்கா! காக்கா சோறு தின்கிறது" என்று உங்கள் பேச்சு வழக்கில் நீங்கள் சொன்னால் போதும்.

விரல் நீண்டுவிட்டது சகோதரி. அதைப் பயிற்றுநரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மதிப்பீட்டு அன்றும் சொல்லுங்கள். இன்றைய தேதியை எழுதி வையுங்கள்.

பொருநைக்கரை
ஜூன் 11, பிற்பகல் 3.20

எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது சொல்லாகக் "காக்கா" என்று எழுதினேன். மாமனார் வந்து பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையால் "தாத்தா" என்றும் எழுதியிருக்கிறார்.